கிழக்குப் பாறை

ஞாயிறு இரவு, திண்டுக்கல்

லீவில் வந்தும் நிம்மதியில்லை. எங்கள் கம்பெனிக் கிணற்றின் கச்சா எண்ணெய் நேர் கீழே உள்ள பாறையில்தான் உருவானது என்று வருஷக்கணக்காகச் சொல்லி வருகிறேன். நான் வேலை பழக்கிய சின்னாளப்பட்டி ஸ்டெல்லா, அது கிழக்கே தொலைவில் வேறொரு பாறையில் உருவாகி, நிலத்தடியிலேயே நகர்ந்து வந்தது என்று ரிப்போர்ட் எழுதியிருக்கிறாள்.

"நம்ம சின்னாளப்பட்டிப் பிள்ளைக்கு என்னா மூளை பாரேன்!" என்றார் என் கணவர். என்னை ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

எண்ணெயின் வேதித் தடயங்களை இரண்டு பாறைகளோடும் ஒப்பிட்டேன். அவள் எங்காவது தவறியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே ஒப்பிட்டேன்.

சாயங்காலம் அவளே போன் செய்தாள். "அக்கா, பாத்துட்டீங்களா? தப்பு இருந்தா சொல்லிருங்கக்கா. நீங்க சரின்னாத்தான் மீட்டிங்ல பேசுவேன்."

"இன்னும் திறக்கவே இல்லடி" என்றேன்.

காலையிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எண்ணெய் கிழக்கேயிருந்துதான் வந்திருக்கிறது.