அறுபதில் வைத்தும் கேட்கவில்லை

வெக்ஸ்போர்ட்
மார்ச் 4

அன்புள்ள பேர்ணடெற்,

நான் சுகம். நீரும் மகள் ஜெனாட்டும் அஜக்ஸில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் காலத்தில் மனைவிக்குக் கடிதம் எழுதுவது புதினம்தான். போனில் ஒன்றும் தெளிவாக விளங்குகிறதில்லை, அதனால் எழுதுகிறேன்.

றெக்கோட் பிளேயரின் ஊசி முறிந்துவிட்டது. ஊசியோடு சேர்ந்த காட்றிட்ஜையே புதிதாக வாங்கிப் பூட்டினேன். சத்தம் கிணற்றுக்குள் இருந்து வருவது போல இருக்கிறது. சத்தத்தைப் பெருக்கித் தருகிற பிறீஆம்ப் பெட்டிக்குப் பின்னால் கெயின் சுவிட்ச் நாற்பதில் நிற்கிறது. அறுபதுக்குத் தள்ளலாமா? ஸ்பீக்கர் எரிந்துபோகுமோ என்று பயமாக இருக்கிறது. ஒலிக்கருவி திருத்தும் கடையில் வேலை செய்த உமக்குத்தான் இதெல்லாம் தெரியும்.

அன்புடன்,
சீமோன்

அஜக்ஸ்
மார்ச் 10

ஜெனாட்டின் அப்பாவுக்கு,

காட்றிட்ஜ் வந்த பெட்டியில் மில்லிவோல்ற் என்று ஓர் எண் இருக்கும், பாருங்கள். நாலு, ஐந்து என்றால் நாற்பது போதும். அறுபதில் வைத்தால் சத்தம் கிழியும். ஒன்றுக்கும் குறைவு என்றால் அது மெலிதாகத் தருகிற வகை, அதற்கு அறுபது வேண்டும். சுவிட்சைத் தொடுமுன் வொலியூமை அடியோடு குறையுங்கள்.

சாப்பிடுகிறீர்களா என்று கேட்கப் பலமுறை எடுத்தேன். நீங்கள் போனைத் தூக்கவில்லை. வீட்டிலும் அப்படித்தான். குசினியில் சமைத்துக்கொண்டு நான் கேட்டதற்கு ஒரு நாளாவது திரும்பிப் பார்த்தீர்களா? அது பொறுக்காமல்தானே இங்கே வந்தேன்.

பேர்ணடெற்

வெக்ஸ்போர்ட்
மார்ச் 17

அன்புள்ள பேர்ணடெற்,

பெட்டியில் 0.4 என்று இருக்கிறது. அறுபதில் வைத்தேன். கொஞ்சம் கூடியது, ஆனால் போதவில்லை. வயலின் மேலே போகிற இடமெல்லாம் வெறுமையாக இருக்கிறது. வொலியூமை நன்றாகக் கூட்டினேன். மேல்வீட்டு றூபன் வந்து, “அங்கிள், மேல பாத்திரமெல்லாம் அதிருது” என்றான். அதுவும் அவன் திரும்பச் சொன்ன பிறகுதான் விளங்கியது. காட்றிட்ஜ் பழுதோ, பிறீஆம்ப் பழுதோ? அறுபதுக்கு மேலே தருகிற பெட்டி ஒன்று வாங்கவா?

நான் எப்போது உம்மைத் திரும்பிப் பார்க்காமல் இருந்தேன்? நீர்தான் என்னோடு கதைப்பதைக் குறைத்துவிட்டீர். கதைத்தாலும் வாய்க்குள் முணுமுணுக்கிறீர். என்மேல் ஏதோ கோபம் என்று நினைத்து நானும் பேசாமல் இருந்தேன்.

சீமோன்

அஜக்ஸ்
மார்ச் 21

சீமோன்,

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். நான் ஒருநாளும் முணுமுணுக்கவில்லை.

றூபனுக்குப் போன் எடுத்தேன். கதவை நெடுநேரம் தட்டிவிட்டுத் தானே திறந்துகொண்டு வந்தானாம். “தோளில தொட்ட பிறகுதான் அன்ரி, அவர் திரும்பினவர்” என்றான்.

0.4க்கு அறுபது சரி. காட்றிட்ஜிலும் பெட்டியிலும் பிழையில்லை. வேறு ஒன்றும் வாங்க வேண்டாம். காதை டொக்டரிடம் காட்டுங்கள், பிந்த வேண்டாம். வேலையிடத்தில் போர்க்லிப்ட் ஓட்டுகிறீர்கள். பின்னால் ஒருவர் கத்தினால் உங்களுக்குக் கேட்குமா? அதை நினைத்தால் எனக்கு நித்திரை வருகிறதில்லை.

பேர்ணடெற்

வெக்ஸ்போர்ட்
ஏப்ரில் 1

அன்புள்ள பேர்ணடெற்,

காட்டினேன். சின்ன அறைக்குள் இருத்தி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமத்தச் சொன்னார்கள். நான் அமத்தாமல் காத்திருந்த நேரம்தான் கூடுதல். இரண்டு காதிலும் உயர்ந்த ஒலிகள் போய்விட்டன, திரும்பி வராதாம். காதில் கருவி பூட்டினால் பேச்சு விளங்கும் என்கிறார்கள். வேலையில் சொல்லிவிட்டேன். இப்போதைக்குப் போர்க்லிப்டில் ஏற விடவில்லை. பிறகு என்ன செய்வார்களோ தெரியாது.

பத்தாம் தேதி வியாழக்கிழமை கருவி பூட்டுகிறார்கள். அதைக் கூட்டிக் குறைத்துப் பார்க்க, எனக்குப் பழகிய குரல் ஒன்று வேண்டுமாம். “ஆரைக் கூட்டிக்கொண்டு வருவியள்?” என்று அங்கே வேலை செய்கிற தமிழ்ப் பிள்ளை கேட்டாள். உம்முடைய பெயரைச் சொல்லிவிட்டேன். உம்மைக் கேட்காமல் சொன்னது பிழை என்றால் எழுதும்.

சீமோன்

அஜக்ஸ்
ஏப்ரில் 5

அன்புள்ள சீமோன்,

வியாழக்கிழமை வருகிறேன். ஜெனாட் லீவு எடுத்து, என்னைக் கொண்டுவந்து விடுவாள். பிறகு வெக்ஸ்போர்ட்டில் நிற்பேனா, திரும்பிப் போவேனா என்று இப்போது கேட்க வேண்டாம். எனக்கே தெரியாது.

அங்கே என்னைப் பேசச் சொல்வார்கள்தானே. என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். பேசாமல் விட்டது எவ்வளவோ இருக்கிறது. அதில் ஒன்றைத் தொட்டாலும் அந்தப் பிள்ளைக்கு முன்னால் அழுதுவிடுவேன் போல இருக்கிறது. அரிசி முடிந்துவிட்டதா, மீன் வாங்கினீர்களா என்றுதான் தொடங்குவேன். நீங்கள் மறுமொழி சொல்லுங்கள், போதும்.

உங்கள்
பேர்ணடெற்