காஞ்சனா அத்தை பேசாத முப்பது விநாடி

7 ஜூன், சனி

இன்று சொல்லாதது: "அத்தை, அது பெரிய அத்தை இல்லை. நீங்கள்தான்."

சின்ன அத்தை எங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து 'லோரோங் ஒன்பது' கார்ட்டூனின் மூன்றாம் பகுதியைப் பார்த்தார். அதில் வரும் காஞ்சனா அத்தை, அண்ணன் மகள் வைத்த ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லா இருக்கு, இதுல கை கழுவலாமா, இல்ல கால் மட்டுந்தானா?" என்று கேட்கும் இடம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்து வந்த கண்ணீர்.

"அப்படியே எங்க அக்கா. அந்த வயிறு, அந்த நடை, அந்தக் கொண்டை. யாரு லா இதை எழுதுறது?"

நான் முறுக்குத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன்.

அந்த ரசம் போன தீபாவளிக்கு நான் வைத்தது. அந்தக் கேள்வியைக் கேட்டவர் இவரேதான். அவர் மறந்துவிட்டார். நான் அன்று மாலையே எழுதி வைத்துவிட்டேன்.

8 ஜூன், ஞாயிறு

என்னிடம் ஒரு பச்சை அட்டை நோட்டு இருக்கிறது. சின்ன அத்தை இந்திராதேவி பேசியவை மட்டும் அதில் இருக்கும். பாச்சாங்கில் ஒரு கிளினிக்கில் இருபத்தாறு வருடமாகப் பதிவுக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர். டாக்டர் இருக்கிறாரா என்று யாராவது கேட்டால், "இல்ல, இந்த பெஞ்சு சொகமா இருக்குன்னு எல்லாரும் வந்து உக்காந்திருக்காங்க" என்பார். அப்பா உடற்பயிற்சிக்கு நடக்க ஆரம்பித்தபோது, "எங்க அண்ணன் நடக்கப் போறாரு, அதான் ரொட்டி சானாய்க் கடைக்காரன் இப்போல்லாம் சீக்கிரம் திறக்கிறான்" என்றார்.

ஆயர் குரோவில் நான் வேலை செய்யும் சின்ன கார்ட்டூன் ஸ்டூடியோவில் ஒரு அத்தை பாத்திரம் வேண்டும் என்றார்கள். நோட்டு தயாராக இருந்தது. வீட்டில் நான் தமிழ் சரிபார்ப்பதாகத்தான் சொல்லியிருக்கிறேன். பாதி உண்மை.

உருவத்தை வரைந்தது இயக்குநர் யூஜின். என் அத்தைகள் இருவரையும் அவர் பார்த்ததே இல்லை. ஆனால் வரைந்து முடித்தபோது பெரிய அத்தை உஷாராணி திரையில் நின்றுகொண்டிருந்தார், கைப்பை உட்பட. உடம்பு அக்காவுடையது, நாக்கு தங்கையுடையது.

நான் படித்த நாவல்களில் எழுதுகிறவர்களின் உறவினர்கள் பெரும்பாலும் முன்பே இறந்துபோயிருப்பார்கள். அவர்களுக்கு வசதி. எனக்கு அத்தை இரண்டு தெரு தள்ளி இருக்கிறார், வாரம் மூன்று முறை சாப்பிட வருகிறார்.

11 ஜூன், புதன்

சின்ன அத்தையின் குரல் செய்தி, நாற்பது விநாடி, முழுக்கச் சிரிப்பு. கடைசியில்: "காஞ்சனாவுக்கு இன்னும் பெரிய ஹேண்ட்பேக் குடுக்கச் சொல்லு."

15 ஜூன், ஞாயிறு

அப்பாவோடு பெரிய அத்தை வீட்டுக்குப் போனேன். ஞாயிறு காலைப் பசியாறல் அங்கேதான். சின்ன அத்தை மட்டும் வருவதில்லை. நான்கு வருடம் ஆகிறது.

காரணத்தை இங்கே ஒரு தடவை நேராக எழுதிவிடுகிறேன், வீட்டில் யாரும் நேராகச் சொல்வதில்லை. பெரிய அத்தை மகள் அனுசியாவின் கல்யாணம். ரப்பர் தோட்டத்துக் காலத்திலிருந்து எங்கள் குடும்பத்தில் தட்டு வைத்துத்தான் அழைப்பார்கள்: வெற்றிலை, பாக்கு, கற்கண்டு, ஆரஞ்சு, மேலே பத்திரிகை, இரண்டு கையாலும் நீட்ட வேண்டும். பெரிய அத்தை அடுத்த மாநிலமான ஜொகூர் வரை தட்டு கொண்டுபோனார். சொந்தத் தங்கைக்குப் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். "வீட்டு ஆளுக்கு யாராவது தட்டு வைப்பாங்களா?" என்பது அவர் கட்சி. "வீட்டு ஆளுக்குத்தான் முதல் தட்டு" என்பது இவர் கட்சி. இரண்டையும் அப்பாவிடம்தான் சொல்வார்கள். அப்பா இரண்டுக்கும் தலையாட்டுவார்.

சின்ன அத்தை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அனுசியாவின் முதல் பள்ளிச் சீருடையைத் தைத்தவர் அவர். கல்யாணத்துக்குப் போகவில்லை.

இன்று பெரிய அத்தை என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஷாமி, நீதானே எழுதுற? அந்த வாய் இந்திரா வாய். எனக்குத் தெரியாதா?"

தலையாட்டினேன்.

"உடம்பை மட்டும் மாத்திட்ட. பாவம், ஏன் அவ்ளோ குண்டா போட்டீங்க? அவ ஒல்லிலா."

அடுப்படிச் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடி முன்னால் நின்றுகொண்டுதான் இதைச் சொன்னார்.

"அவ பாக்குறாளா?"

"ஒண்ணு விடாம பாக்குறாங்க."

"சிரிக்கிறாளா?"

"ரொம்ப."

உளுந்து வடைகளை டிபன் டப்பாவில் அடுக்கினார். "உங்கப்பாவுக்கு" என்று என் கையில் கொடுத்தார். அப்பா உளுந்து வடை தொடமாட்டார். அதை யார் சாப்பிடுவார் என்று எங்கள் மூவருக்கும் தெரியும்.

16 ஜூன், திங்கள்

சின்ன அத்தை நான்கு வடை சாப்பிட்டார். யார் செய்தது என்று கேட்கவில்லை.

3 ஜூலை, வியாழன்

கடைசிப் பகுதிக்கு யூஜின் ஒரு கல்யாணம் கேட்டார். ஒரு மணி நேரத்தில் எழுதிக் கொடுத்தேன். காஞ்சனாவின் அக்கா பத்திரிகையைக் கைப்பேசியில் அனுப்புகிறாள். காஞ்சனா கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பிவிட்டுச் சொல்கிறாள்: "வாட்ஸ்அப்புல கூப்பிட்ட கல்யாணத்துக்கு வாட்ஸ்அப்புலயே போயிட்டு வந்துட்டேன்." யூஜின் சிரித்ததில் மேசையெல்லாம் கோப்பி.

நானும் சிரித்தேன். அப்புறம் வீட்டுக்கு வரும் வழியில், சிவப்பு விளக்கில் நின்றபோதுதான் உறைத்தது. ரசத்தை அத்தை மறந்திருக்கலாம். இந்த வாக்கியத்தை உலகத்தில் ஒரே ஒருவர்தான் சொல்லியிருக்கிறார். அதை அவர் மறந்திருக்க வழியே இல்லை.

அத்தை ஒருவரோடு பேச்சை நிறுத்தினால் எப்படி நிறுத்துவார் என்று எனக்குத் தெரியும். அடுத்த நான்கு வருடம் என்னுடையதாக இருக்கலாம்.

வெட்டிவிடலாமா? பகுதியில் இருப்பதிலேயே நல்ல வாக்கியம் அதுதான் — இப்படி நினைக்கிற பெண்ணை எந்த அத்தைதான் மன்னிப்பார்?

8 ஜூலை, செவ்வாய்

சொல்லிவிடுவது என்று கிளினிக்குக்குப் போனேன். "நம்பர் எடு" என்றார் அத்தை. எடுத்தேன். பதினேழு. என் முறை வந்ததும் இருமினேன். இருமல் மருந்தோடு திரும்பினேன். கசக்கிறது.

12 ஜூலை, சனி

சொல்லிவிட்டேன்.

அப்பா எங்கள் இருவரையும் கடற்கரையோர உம்பாய்க்குச் சுட்ட மீன் சாப்பிட அழைத்துப் போனார். மீன் வரும்வரை காத்திருந்தேன். அத்தைக்கு நல்ல மீன் இருந்தால் கோபம் பாதிதான் வரும் என்று ஒரு கணக்கு.

எல்லாவற்றையும் சொன்னேன், நோட்டிலிருந்து ஆரம்பித்து. அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டார். அத்தை முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்துக்கொண்டே கேட்டார்.

"ரசம்?"

"நீங்கதான்."

"பெஞ்சு?"

"நீங்கதான்."

"அப்போ எங்க அக்கா எங்க?"

"உடம்பு மட்டும்."

கடைசிப் பகுதியில் வரும் வாட்ஸ்அப் வாக்கியத்தையும் சொன்னேன். அத்தை எழுந்து கை கழுவினார். "அண்ணே, வீட்டுல விட்டுடுங்க." அவ்வளவுதான். வழி முழுக்க ஒண்ணுமே பேசல. ஒரு குத்தல் இல்ல, அப்பாவோட டிரைவிங்கைப் பத்திக்கூட ஒரு வார்த்தை இல்ல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். ஏன் மீன் வர்ற வரைக்கும் காத்திருந்தேன்? அவங்களை நிம்மதியா சாப்பிடவாவது விட்டிருக்கலாம்.

14 ஜூலை, திங்கள்

அந்தப் பகுதியின் எழுத்துப் பிரதியை அத்தையின் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். வேண்டாம் என்றால் வெட்டிவிடுகிறேன் என்று மேலே எழுதினேன்.

15 ஜூலை, செவ்வாய்

சாப்பிட வரவில்லை.

16 ஜூலை, புதன்

வரவில்லை. ரசம் வைத்தேன். அப்பா குடித்துப் பார்த்துவிட்டு, அவ சொன்னது சரிதான் என்றார்.

18 ஜூலை, வெள்ளி

வேலை முடிந்து வந்தால் வீட்டு வாசலில் அத்தையின் செருப்பு.

மேசையில் என் பிரதி, பக்கத்தில் கிளினிக்கின் சிவப்புப் பேனா. எல்லாப் பக்கமும் சிவப்பு. "இந்த எடத்துல 'லா' வராது." "இவ்வளவு நீளமா எவ பேசுவா? மூச்சு வாங்காதா?" அவர் திருத்தியதில் எல்லாமே சரி. தமிழ் சரிபார்ப்பவளுக்கு வெட்கமாக இருந்தது.

கடைசிப் பக்கத்துக்கு வந்தார். வாட்ஸ்அப் வாக்கியத்தில் சிவப்பே இல்லை.

"இதைச் சொல்லிட்டு காஞ்சனா என்ன பண்றா?"

"ஒண்ணும் இல்ல அத்தை. சிரிப்பு. அடுத்த காட்சி."

"நான் என்ன பண்ணேன்னு கேட்டியா?"

கேட்டதில்லை. நான்கு வருடத்தில் ஒரு தடவைகூட.

அன்று காலை ஐந்தரைக்கு எழுந்து தலை குளித்து, பட்டுக் கட்டி, பூ வைத்து, காற்றாடிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாராம். மயில் நீலப் பட்டு. கல்யாணத்துக்குக் கட்டிக்கோ என்று பெரிய அத்தையே எடுத்துக் கொடுத்தது. முகூர்த்தம் பத்தரைக்கு. பன்னிரண்டு வரை உட்கார்ந்திருந்தார்.

"எங்கடி இருக்கன்னு ஒரு போன். ஒரே ஒரு போன். ஆறு நிமிஷத்துல போயிருப்பேன். கார் சாவி மடியிலதான் இருந்துச்சு."

குரல் மாறவில்லை. நம்பர் கூப்பிடும் அதே குரல்.

"வாயை மட்டும் எழுதி வெச்சிருக்க நீ. போடுறதுன்னா அதையும் போடு."

போகும்போது வாசலில் திரும்பி, "ரசம் இருக்கா?" என்றார். இருக்கிறது என்றேன். "அப்போ நாளைக்கு வர்றேன், இன்னிக்கு மனசு சரியில்ல" என்றார்.

என்னோடு பேசிவிட்டார். கதவைச் சாத்திவிட்டு அங்கேயே நின்று சிரித்தேன், கொஞ்சம் அழுதேன்.

பச்சை நோட்டைப் புரட்டினேன். இருநூறு வாக்கியங்களுக்கு மேல் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு அவர் என்ன செய்தார், எங்கே பார்த்தார்? ஒரு பக்கத்திலும் இல்லை.

21 ஜூலை, திங்கள்

கல்யாணப் பகுதி பாதி முடிந்துவிட்டது, இப்போது போய்ப் புதுக் காட்சி கேட்கிறாயே என்று யூஜின் முதலில் முகத்தைச் சுளித்தார். காஞ்சனா பட்டுக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், மடியில் சாவி, மேலே காற்றாடி, சுவரில் கடிகாரம். "என்ன பேசுறா?" என்றார். ஒன்றும் பேசுவதில்லை என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. பேச்சு இல்லையென்றால் வாயை அசைக்க வேண்டாம். ஒரே படம், காற்றாடியும் கடிகார முள்ளும் மட்டும் சுற்றினால் போதும், இரண்டு நாள் வேலை. முப்பது விநாடி கொடுத்தார்.

என் வாழ்க்கையின் நல்ல காட்சி உதடு அசைக்கத் தேவையில்லாததால் தேறியது.

16 ஆகஸ்ட்டு, சனி

கடைசிப் பகுதி ஒளிபரப்பானது. அத்தை ஆறு மணிக்கு முன்பே வந்து சோபாவின் நடுவில் உட்கார்ந்தார். வாட்ஸ்அப் வாக்கியத்துக்கு எங்கள் எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தார், எழுதியவரே அவர்தானே. அப்புறம் அந்த முப்பது விநாடி. யாரும் முறுக்கைக் கடிக்கவில்லை. அத்தை திரையைப் பார்க்காமல் எங்கள் வீட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும், "மயில் நீலம் சரியா வரல. அண்ணே, டிவியைக் கொஞ்சம் கழுவுங்க."

17 ஆகஸ்ட்டு, ஞாயிறு

பசியாற வரவேண்டாம், தலைவலி என்று பெரிய அத்தை அப்பாவுக்குச் செய்தி அனுப்பியிருந்தார். அந்தப் புடவையை எடுத்துக் கொடுத்தவர் அவர். பார்த்திருக்கிறார்.

ஒருவரைக் காப்பாற்றி இன்னொருவரை இழந்துவிட்டேனா?

24 ஆகஸ்ட்டு, ஞாயிறு

அனுசியாவின் குழந்தைக்குக் காதுகுத்து. செப்டம்பர் ஐந்து.

எனக்குத் தெரியவந்த விதம்: சின்ன அத்தை வீட்டில் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். வெளியே கார் நின்றது. கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் பெரிய அத்தை, கையில் தட்டு. வெற்றிலை, பாக்கு, கற்கண்டு, ஆரஞ்சு, மேலே பத்திரிகை. கூட யாரும் இல்லை. காதுகுத்துக்கு யாரும் பத்திரிகை அடிப்பதில்லை. ஒன்றே ஒன்று அடித்திருந்தார்.

"முதல் தட்டு" என்றார் பெரிய அத்தை. மூச்சு வாங்கியது. "இன்னும் யாருக்கும் சொல்லல."

சின்ன அத்தை கதவைத் திறக்காமல் தட்டையே பார்த்தார். ஒரு ஆரஞ்சு உருண்டு விழப்போனது, பெரிய அத்தை முகவாயால் தடுத்துப் பிடித்தார். இரண்டு கையும் தட்டில் இருந்தன.

"வாட்ஸ்அப் கெட்டுப் போச்சா?" என்றார் சின்ன அத்தை.

பெரிய அத்தை தட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினார். அப்படியே நின்றார்.

சின்ன அத்தை கதவைத் திறந்தார். "உள்ள வா. வீட்டு ஆளுக்கு எதுக்குக்கா தட்டு?" சொல்லிக்கொண்டே இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கிய தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் கூடத்தில் ஒரு சுற்றுச் சுற்றினார். கடைசியில் என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் போனார். குழாய் ரொம்ப நேரம் ஓடியது.

இதை நோட்டில் எழுதவில்லை. இங்கே மட்டும்.

5 செப்டம்பர், வெள்ளி

காதுகுத்து கோயிலில் ஒன்பது மணிக்கு. சின்ன அத்தை மயில் நீலப் பட்டில் ஆறரைக்கே எங்கள் வாசலில் வந்து நின்று ஹாரன் அடித்தார். ஆறே முக்காலுக்குக் கோயிலில் இருந்தோம். பூசாரி இன்னும் வந்திருக்கவில்லை.