மழை பெய்தால் ரயில் தாமதம்

இன்று காலை செம்பூரில் ஏறிய ஒரு பெண் மும்பை லோக்கல் ரயிலின் லேடீஸ் டப்பாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து, செல்போனில் பாங்குப் பரீட்சைக்குப் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். 'மழை பெய்தால் ரயில் தாமதமாகும். இன்று ரயில் தாமதம். ஆகவே மழை பெய்திருக்கிறது. சரியா, தவறா?' சரி என்று அழுத்தினாள். சிவப்பாகப் பெருக்கல் குறி விழுந்தது. அந்தச் 'சரி' உன் விடை, தோழி. எனக்குச் சிரிப்பு வந்தது.

எண்பதுகளில் மாட்டுங்கா ஸ்டேஷன் பெஞ்சில் ஒரே கைடை இருவர் மடியிலும் விரித்துப் படித்தோமே. கணக்கில் நீ புலி. இந்த ஒரு வகைக் கேள்வியில் மட்டும் கவிழ்ந்துவிடுவாய். "மே மாசம் மழையே இல்லாம லேட்டா வரலையாடி?" என்று தலையில் அடித்துக்கொள்வேன்.

"வந்துச்சு. ஆனா மழ பேஞ்சிருந்தா நல்லாருக்கும்லா, ஏட்டி" என்பாய்.

உனக்கு அது வெறும் வேலைக்கான பரீட்சை இல்லை. தாராவியில் தோல்பைப் பட்டறை வைத்திருந்த உன் அப்பா, நீ விரும்பிய மராத்திப் பையனைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தார்: "பாங்கு வேல கெடைக்காம அந்தப் பேச்சே எடுக்கப்படாது." வேலை கிடைத்தால் கல்யாணம் என்று நீயாக எடுத்துக்கொண்டாய். "அவர் அப்படிச் சொல்லலைடி" என்றேன். ரயில் வருகிறது என்று எழுந்துவிட்டாய்.

வேலை கிடைத்தது. பேடா வாங்கிக்கொண்டு உன்னோடு நானும் வீட்டுக்கு வந்தேன். அப்பா ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, நிதானமாகச் சொன்னார்: "வேல இல்லாம கூடாதுன்னேன். வேல வந்தா கட்டித் தாறேன்னு என்னைக்குச் சொன்னேன்?"

நீ அழப்போகிறாய் என்று நினைத்தேன். நீயோ பேடா டப்பாவை மூடியபடி, அவரைப் போலவே நிதானமாகப் பேசினாய். "நீங்க சம்மதிச்சா எனக்குச் சந்தோஷம்ப்பா. நீங்க சம்மதிக்காம கல்யாணம் நடக்காதுன்னு நான் என்னைக்குச் சொன்னேன்?"

அவ்வளவு நாள் நான் கத்தியது உனக்கு அன்றைக்குத்தான் ஏறியிருந்தது. ரிஜிஸ்டர் ஆபீஸில் சாட்சிக் கையெழுத்து போட்டவள் நான். அப்பா வரவில்லை. மாலையோடு நீ வாசலையே பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் என் மனத்தை அறுக்கிறது.

போன மழைக்காலத்தில் நீ கண்ணை மூடிவிட்டாய். நீ பக்கத்தில் இருந்தால் எனக்குச் சந்தோஷம். அதை வைத்து, நீ இல்லை, ஆகவே சந்தோஷம் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. உனக்கு எத்தனை முறை சொல்லிக்கொடுத்திருப்பேன். இன்று இந்தக் கேள்வி எனக்கு வந்தால், தெரிந்தே சரி என்றுதான் போடுவேன்.