உன் மனைவி பற்றவைத்த அடுப்பு

அன்பு மகனுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் சௌக்கியம், அப்பாவின் மூட்டுவலி அவரைவிடச் சௌக்கியம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் "சரிம்மா, அப்புறம் பேசறேன்" என்று பாதியில் வைத்துவிடுகிறாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாதல்லவா, அதனால்தான் எழுதுகிறேன். உன் மனைவியை வேலையை விட்டுவிட்டு அங்கே வந்துவிடச் சொன்னாயாமே. அவளும் சரி என்றுவிட்டாள். அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

அவள் வேலை செய்யும் இடத்தை நீ பார்த்ததே இல்லை. பிரசவ ஆஸ்பத்திரிச் சமையலறைக்குப் பின்னால், துணி காயப்போடும் கொடிக்குப் பக்கத்தில், பாதி மண்ணில் புதைந்த சின்ன கேஸ் தொட்டி. சமையலறையில் விழும் காய்த்தோல், மீந்த சாப்பாடு, போதாததற்கு நம் தெருவில் வீடு வீடாகச் சேர்த்து ஸ்கூட்டரில் இரண்டு வாளிகளில் கொண்டுபோகும் கழிவு, எல்லாவற்றையும் அரைத்துக் கரைத்து அதில் ஊற்றுகிறாள். உள்ளே அது நொதித்து, கேஸாகி, குழாய் வழியாக வந்து அடுப்பை எரிக்கிறது. பிள்ளை பெற்றவர்களுக்கு வெந்நீர் அந்த அடுப்பில்தான். மிச்சமாக வெளியே வரும் கரைசல் நல்ல உரமாம், பூச்செடி வளர்ப்பவர்கள் வரிசையில் நின்று வாங்கிப்போகிறார்கள். நாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு தூக்கி எறிந்ததற்கு வரிசை! முதல் தடவை பார்த்தபோது நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிட்டேன்.

அந்த அடுப்புதான் நடுவில் மங்கிப்போய்விட்டது. ஊதினால் அணைந்துவிடும் போல எரிந்தது. இவள் குழாயைப் பார்த்தாள், மூடியைப் பார்த்தாள், ஒன்றும் பிடிபடவில்லை. தலைமைச் சமையல்காரர், "இந்த மாசம் பாப்பேன்மா, அப்புறம் தொட்டிய மூடிட்டு சிலிண்டருக்கே போயிடுவேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். சோறு இறங்காமல் கிடந்தாள் பெண். ஒருநாள் காலை வாளி மூடியைத் திறந்தவளுக்கு அழுகின தோல் வாசனைக்குப் பதில், கழுவிவிட்ட தரை வாசனை அடித்திருக்கிறது. அப்போதுதான் விஷயம் புரிந்தது. எல்லாம் உன் அப்பா வேலை! தெருப்பிள்ளைகள் அவரைப் பினாயில் தாத்தா என்று கூப்பிடுவது சும்மாவா? தினமும் வாளிகளைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, வழியில் நாறக் கூடாதென்று அடியிலும் கைநிறையத் தூவி அனுப்பியிருக்கிறார் மனிதர்.

இவள் கத்தியிருந்தால்கூட நியாயம். பக்கத்தில் உட்கார்ந்து, "மாமா, தொட்டிக்குள்ள இருக்கறது அத்தனையும் கண்ணுக்குத் தெரியாத உயிருங்க, அதுங்கதான் நமக்கு கேஸ் தருது, பவுடர் போட்டா செத்துப்போயிடும்" என்று மெதுவாகச் சொன்னாள். அப்பா முகம் சுண்டிப்போய்விட்டது. மறுநாள் என்ன செய்தார் தெரியுமா, அவரே பால் பண்ணைக்குப் போய்ச் சாணி சுமந்து வந்தார், மூக்கை மூடாமல்! இவள் கெட்டுப்போன கரைசலை வெளியேற்றி, சாணியைக் கரைத்து ஊற்றி, வயிறு கெட்ட பிள்ளைக்குக் கொடுப்பதுபோல் கழிவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டாள். அவசரப்படவும் இல்லை, மனசு விடவும் இல்லை. அவள் பொறுமை எனக்கு வராதப்பா, உனக்கும் வராது. நேற்று காலை உன் அப்பா தெருமுனையிலிருந்தே "பத்திக்கிச்சு, பத்திக்கிச்சு" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார். எதிர்வீட்டுத் தையல்காரர் குடம் தண்ணீரோடு நம் வீட்டுக்குள் பாய்ந்துவிட்டார். எரிந்தது வீடு இல்லை, அடுப்பு என்று புரியவைப்பதற்குள் என் மெத்தை நனைந்தது. நானும் போய்ப் பார்த்தேன், நீலமாக, நிமிர்ந்து எரிகிறது.

அப்பாவுக்கு ஏன் திடீரென்று வாளி மேல் கண் போனது என்று கேட்டேன். நீ போனில் அவளிடம் விளையாட்டாக, "இன்னும் அந்த நாத்த வேலைக்குத்தான் போறியா" என்றாயாம். அன்றிலிருந்து அவள் சோப்புப் போட்டுக் கை தேய்த்துத் தேய்த்து, விரலை மோந்து பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அதைப் பார்த்துவிட்டார். அவருக்கு வாயால் ஆறுதல் சொல்லத் தெரியாது, வாளியைக் கழுவினார். நீ சொன்ன ஒரு வார்த்தை எங்கே போய் எதை அணைத்தது பார்த்தாயா. திட்டவில்லை, வருத்தமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

நீ கூப்பிட்டால் அவள் வருவாள், உன் மேல் அவ்வளவு ஆசை. வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. அதனால் நான் சொல்கிறேன், அவளை வேலையை விடச் சொல்லாதே. விடுப்பு எடுத்துக்கொண்டு நீ ஒரு தடவை வா. அந்த வெந்நீரில் துடைத்துத் துணியில் சுற்றிய பச்சைக் குழந்தைகளைப் பார், அடுப்புப் பக்கத்தில் நிற்கும் உன் மனைவி முகத்தைப் பார். அதற்குப் பிறகும் விடச் சொல்ல உனக்கு மனசு வந்தால், அவள் பெட்டியை நானே கட்டித் தருகிறேன்.

நல்லா இரு, நீண்ட ஆயுசோடு இரு. காது ஜாக்கிரதை.

உன் அம்மா