அடிப்பிடித்த கறியும் தும்மிய யானையும்

ரீச்சர்,

முதலில் பிள்ளைகளின் சேதி. நீங்கள் இருந்தால் அதைத்தான் முதலில் கேட்பீர்கள். மூத்த பேத்தி தாதிப் படிப்பை முடித்து வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். பேரன் கணினிப் படிப்பில் பரிசு வாங்கினான். மேடையில் அவன் பெயரைப் பிரெஞ்சில் உடைத்து உடைத்துச் சொன்னார்கள். எனக்கு விளங்கியது, எழும்பி நின்று கை தட்டினேன். சின்னவள் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு வாசிப்பில் முதலாவது. ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் பேரப்பிள்ளைகள் இவர்கள் என்று மெட்ரோவில் பக்கத்தில் இருப்பவரிடம்கூடச் சொல்லிவிடுகிறேன்.

இதை எழுதும்போது மேசையில் உங்கள் பழைய ரப்லெட், அந்தத் தொடுதிரைப் பலகை, கிடக்கிறது. மாதா கோயிலின் கீழ்த்தளத் தமிழ் நூலகத்தில் கழித்துவிட்ட சாமான்களோடு கிடந்ததைப் பேரன் போன சனிக்கிழமை கொண்டுவந்தான். மூலையில் வெடிப்பு. முதுகில் நீங்கள் ஒட்டிய மஞ்சள் பூ. மின்சாரம் ஏற்றினேன், விழித்துக்கொண்டது. உள்ளே ஒன்றுமில்லை. என் குரலும் இல்லை.

அந்தக் குளிர்காலம் நினைவிருக்கிறதா? கிழமை நாட்களில் நீங்கள் பிரெஞ்சுப் பள்ளிக்கூட நூலகத்தில் வேலை. அங்கே பிள்ளைகள் ரப்லெட்டைப் புத்தகத்துக்கு நேரே பிடித்தால் அது கதை சொல்லுமாம். அதைப் பார்த்துவிட்டுச் செயின்ட்-மிஷேலில் என் வீட்டுக்கு வந்தீர்கள். காலில் பனி, கையில் பை.

"எங்கட தமிழ்ப் புத்தகத்தை ஒரு பிள்ளையும் தொடுதில்லை அக்கா. வாசிக்கத் தெரியாட்டி எப்பிடித் தொடும்? ரப்லெட் பாத்துக் கதையைத் தொடங்க ஒவ்வொண்டிலயும் ஒரு கறுப்பு வெள்ளைச் சதுரம் ஒட்டிப்போட்டன். இனிக் குரல்தான் வேணும். நீங்கள் வாசியுங்கோ."

"விசரே உங்களுக்கு? நான் அஞ்சாம் வகுப்பு. நீங்கள்தானே ரீச்சர்."

"நான் வாசிச்சாப் பாடம் மாதிரிக் கிடக்கும். நீங்கள் வாசிச்சாத்தான் கதை. இருங்கோ."

மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை நீங்கள். குளிர்சாதனப் பெட்டி இரைகிறது என்று அதன் வயரைப் பிடுங்கினீர்கள். திரும்பச் செருக இருவருக்கும் மறந்து, அடுத்த நாள் பால் திரைந்தது. எழுத்துக்குக் கீழே விரலை வைத்து வைத்து நான் வாசித்தேன். சளி பிடித்த யானையின் கதை. யானை தும்மப் போகிற இடத்தில் எனக்கு மணம் வந்துவிட்டது.

"ஐயோ ரீச்சர், பொறுங்கோ, கறி அடிப்பிடிக்குது!"

நான் அடுப்படிக்கு ஓடினேன். நீங்கள் பதிவை நிறுத்தாமல் வாய் திறந்து சிரித்தீர்கள். மூத்தவள் அதைக் கைபேசியில் படம் எடுத்தாள். பதிவில் அந்தத் துண்டை அழியுங்கள் என்று நான் கெஞ்சினேன்.

"அழிக்க மாட்டன் அக்கா. பிள்ளையளுக்கு இது விளங்கும்."

விளங்கத்தான் செய்தது. சனிக்கிழமைகளில் அந்த யானைப் புத்தகத்துக்கு அடிபிடி. அந்த இடம் வரும்வரை மூச்சுப் பிடித்திருந்து, எல்லாரும் சேர்ந்து "கறி அடிப்பிடிக்குது!" என்று கத்துவார்கள். பேந்து ஒரு நாள் சின்னவள் கேட்டாள், "அம்மம்மா, கறி எங்க எழுதிக் கிடக்கு?" அவளும் மற்றப் பிள்ளைகளும் புத்தகத்தைத் தரையில் விரித்து, குப்புறப் படுத்து, வரி வரியாகத் தேடினார்கள். யா, யானை. து, தும், தும்மல். கறி கிடைக்கவில்லை. நீங்கள் கதவோரம் நின்று என் கையைக் கிள்ளினீர்கள். "பாத்தீங்களே! இல்லாத கறியைத் தேடி எழுத்துக் கூட்டுதுகள்."

நாற்பது புத்தகம் வாசித்தோம். பிறகு நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள்.

அதற்கு நான்காம் மாதம் நூலகத்தின் புதிய குழு கூடியது. தலைவர் சொன்னார், "பழைய பதிவில வீட்டுச் சத்தம் கனக்க. உச்சரிப்பும் பிழை. பிள்ளையளுக்குத் தரமானது வேணும்." இனிக் கணினியே பிழையில்லாமல் வாசிக்குமாம். அதைச் செய்து கொடுத்தது யார் தெரியுமா? என் பேரன். புதுச் சட்டையோடு முன்வரிசையில் இருந்தான்.

"அம்மா, உங்களுக்கு ஏதும் ஆட்சேபனை இருக்கோ?" என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டார்கள்.

"எனக்கென்ன, நல்லாச் செய்யுங்கோ," என்றேன்.

இதுதான் எனக்குச் செரிக்காமல் கிடக்கிறது ரீச்சர். பயந்து சொல்லவில்லை. படிப்பில்லாதவள் என்பதாலும் இல்லை. அவனுக்கு எல்லாரும் கை தட்டப் போகிறார்கள் என்று தெரிந்தது, அதைக் கேட்க ஆசைப்பட்டேன். அந்தக் கைதட்டலுக்காக உங்களை விட்டுக்கொடுத்தேன். கணினிக் குரலின் திறப்பு விழாவில் படம் எடுத்தார்கள். நடுவில் நான், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு. இன்றைக்கும் நூலக வாசலில் அது தொங்குகிறது. உங்கள் பெயர் ஓரிடத்திலும் இல்லை.

கணினி நன்றாகத்தான் வாசிக்கிறது. ஒரு எழுத்தும் பிசகாது. யானை தும்முகிறது, ஒருவரும் ஓடுவதில்லை. பிள்ளைகள் பாதி கேட்டுவிட்டு வைத்துவிடுகிறார்கள். சின்னவள் கேட்டாள், "இப்ப ஏன் அம்மம்மா கறி எரியேல்லை?" பேரனைக் கூப்பிட்டு, பழையவை எங்கேயாவது இருக்கிறதா என்று கேட்டேன்.

"அதெல்லாம் அழிச்சாச்சு அம்மம்மா. நீங்கள் ஓம் எண்டனீங்கள்தானே."

கோபமாகச் சொல்லவில்லை அவன். சாதாரணமாகச் சொன்னான். அதுதான் சுட்டது.

உங்கள் ஆண்டு நினைவுத் திருப்பலி மலரில் இந்த மடலை அச்சடிக்கப் போகிறார்கள். ஆகவே குழுவினர் கண்ணிலும் படும். படட்டும். அழித்த குரலை இனி யாராலும் கொண்டுவர முடியாது. ஆனால் வாசலில் தொங்கும் படத்தைக் கழற்றலாம். என் சிரிப்பையும் சேர்த்துத்தான் கழற்றச் சொல்கிறேன்.

கறி அடிப்பிடித்த அந்தச் சட்டி இன்னும் என்னிடம் இருக்கிறது. வெளிப்பக்கத்தை மினுங்கத் தேய்ப்பேன். உள்ளே அடியில் இருக்கும் கறுப்பு வட்டத்தில் மட்டும் கை வைப்பதில்லை. அன்றைக்கு மூத்தவள் எடுத்த படமும் கிடைத்துவிட்டது. மேலங்கியோடு, கையில் இந்த ரப்லெட்டோடு நீங்கள் சிரிக்கிறீர்கள். பின்னால் அடுப்படியில் என் முதுகும் சட்டியும் புகையும். பேரனிடம் கொடுத்துவிட்டேன். வாசலில் புதுப் படமாக இதை மாட்டு, பிள்ளைகள் திறக்கிற ரப்லெட்டின் முதல் பக்கத்திலும் போடு, ரீச்சரின் பெயரைக் கீழே எழுது என்றேன். ஓரத்தை வெட்டினால் வடிவாக இருக்கும் என்றான்.

வெட்டாதே என்று சொல்லியிருக்கிறேன். சட்டி தெரிய வேண்டும்.