அம்மா, அப்பா, கலியாண வருடம்

பெப்ரவரி 10, திங்கள்

மருந்துக் களஞ்சியத்தின் பழைய சேர்வரில் விழும் ஒவ்வொரு ஓடரும் அதே கணம் புதிய சேர்வரிலும் விழ வேண்டும். ஒன்று படுத்தால் மற்றது ஓடும். அந்தப் பிரதி எடுக்கும் மென்பொருளை நிறுவ நிரோஷினியை விட்டேன். வேலைக்கு வந்து மூன்று மாதம் ஆகவில்லை, இன்னும் புரோபேஷன்தான், வேலை நிரந்தரமில்லை. ஆனால் கெட்டிக்காரி. "ஓம் ரஜிதன் அண்ணை, நோ ப்ரொப்ளம்" என்றாள்.

டேட்டாபேஸ் லொகினை நான்தான் உருவாக்கினேன். பாஸ்வேர்ட் என் வழக்கப்படி: அம்மாவின் பெயர், அப்பாவின் பெயர், அவர்கள் கலியாணம் கட்டிய வருடம். மங்கையற்கரசியும் சச்சிதானந்தனும் ஆங்கில எழுத்தில் சேர்ந்து நின்றால் எந்தக் கள்ளன் உடைப்பான்? பாஸ்வேர்டை எழுதி அனுப்பக்கூடாது என்பது நான் போட்ட சட்டம். ஆகவே எழுத்தெழுத்தாக வாயால் சொன்னேன்.

பெப்ரவரி 11, செவ்வாய்

பிரதி ஓடவில்லை. லொகின் மறுக்கப்பட்டது, மறுக்கப்பட்டது என்றே வருகிறது. அதே பாஸ்வேர்டோடு நான் நேரே டேட்டாபேஸுக்குள் போய்ப் பார்த்தேன். திறந்தது. அப்படியென்றால் பிழை அவள் கையில்தான்.

"மூண்டு தரம் பாத்துப் பாத்து அடிச்சனான் அண்ணை."

"இந்த நாட்டிலை பிறந்த பிள்ளையளுக்கு எங்கடை பேர் வாயிலையும் வராது, கையிலையும் வராது" என்றேன். பகிடிக்குத்தான். அவள் சிரிக்கவில்லை.

பெப்ரவரி 12, புதன்

நெற்வேர்க் சரி. லொகினுக்குக் கொடுத்த உரிமைகள் சரி. எரிச்சல்தான் மிச்சம்.

பெப்ரவரி 13, வியாழன்

ஏன் இழுபடுகிறது என்று மனேஜர் மாக்கஸ் கேட்டார். நிரோஷினி கொஞ்சம் கவனக்குறைவு என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். சொல்லியிருக்க வேண்டாமோ?

பெப்ரவரி 15, சனி

வீட்டிலிருந்து அந்த மென்பொருளில் நானே அடித்துப் பார்த்தேன். மறுப்பு. எழுதி, வெட்டி, ஒட்டினேன். மறுப்பு. வருடத்தைக் கழற்றிவிட்டுப் பெயர்களை மட்டும் பாஸ்வேர்டாக வைத்தேன். உடனே ஓடியது.

பிறகுதான் கையேட்டைப் புரட்டினேன். டேட்டாபேஸ் எவ்வளவு நீளமான பாஸ்வேர்டையும் ஏற்கும். இந்த மென்பொருளோ முப்பத்திரண்டு எழுத்தோடு மிச்சத்தைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும். என்னுடையதை விரல்விட்டு எண்ணினேன் — முப்பத்துநான்கு.

கடவுளே, அந்தப் பிள்ளை சரியாத்தானே அடிச்சவள்!

மாக்கஸுக்கு, ஓடுகிறது என்று மட்டும் எழுதினேன். பாராட்டிப் பதில் போட்டார். ஏன் அதோடு நிறுத்தினேன்? வெட்கக்கேடு.

பெப்ரவரி 16, ஞாயிறு

மனைவி துர்க்காவிடம் சொன்னேன். "அப்ப நாளைக்கே மாக்கஸிட்டைச் சொல்லுங்கோவன்" என்றாள். நாளைக்கு ஃபமிலி டே, ஒஃபிஸ் லீவு என்றேன்.

"ஏன், போனுக்கும் லீவோ?"

பெப்ரவரி 17, திங்கள்

வாசலில் பனி அள்ளினேன். பக்கத்து வீட்டுக்காரருடையதையும் அள்ளினேன். போன் எடுக்கவில்லை.

பெப்ரவரி 18, செவ்வாய்

நிரோஷினியை நிரந்தரமாக்கப் போவதில்லை என்று மாக்கஸ் காலையில் சொன்னார். காரணம் கேட்டேன். நான் சொன்ன சொல்லையே திருப்பிச் சொன்னார்: கவனக்குறைவு.

பிழை என்னுடையது என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், சனிக்கிழமை மறைத்ததையும். மாக்கஸ், அவள் இருக்கட்டும், ஆனால் இந்த சேர்வர்களின் லொகின் இனி உன் கையில் இல்லை என்றார். நியாயம்தான்.

அவளிடமும் போய் மன்னிப்புக் கேட்டேன். திரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "எனக்குத் தமிழ்ப் பேர் வராததாலைதான் பிழைக்குதெண்டு நினைச்சன் அண்ணை. வீட்டை போய் அம்மாவோடை இருந்து எழுதி எழுதிப் பழகினனான். மங்கையற்கரசி. சச்சிதானந்தன்."

ஒரு தடுமாற்றமும் இல்லை. என் பிள்ளைகளுக்கே அப்படிச் சொல்ல வராது.

பெப்ரவரி 28, வெள்ளி

நிரோஷினிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. சேர்வர்கள் இனி அவள் பொறுப்பு.

மத்தியானம் என் மேசைக்கு வந்தாள். "பாஸ்வேர்டை மாத்திட்டன், ரஜிதன். எல்லாம் ஓடுது."

பெயருக்குப் பின்னால் 'அண்ணை' என்ற சொல்லைக் காணவில்லை. புதுப் பாஸ்வேர்ட் என்னவென்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நல்லது என்றேன்.