சாப்பிட வந்தவன்

செம்பூர், மும்பை
11 மார்ச் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

தமயந்தி எழுதுகிறேன். அண்ணிக்கு முழங்கால் வலி குறைந்ததா? அபர்ணாவுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டதா? போன தடவை போனில் நாம் இருவரும் கத்திக் கொண்டதில் இவர் பக்கத்து அறையிலிருந்து ஓடி வந்துவிட்டார். முக்கியமான விஷயத்தை இனிமேல் எழுதிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். மின்னஞ்சல்தான், ஆனாலும் கடிதமாகவே படியுங்கள்.

படம் முடிந்துவிட்டது. இருபத்தைந்து வருடமாக அடுத்தவர்கள் எடுத்த மராத்திப் படங்களை எடிட்டிங் அறையில் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவள், முதல் தடவையாகக் கதையிலும் என் பெயரைப் போட்டுக்கொண்டிருக்கிறேன். பெரிய நடிகர் யாரும் இல்லை. கதாநாயகன் ஒரு மில் தொழிலாளி. வேலைநிறுத்தத்தில் வேலை போய், இரண்டு வருடம் வீட்டில் அடுப்பு சரியாக எரியாமல் கிடக்கிறான். உன் சோற்றைத் தின்பவன் மில் வாசலில் இட்லிக் கடை வைத்திருக்கும் மதராஸிதான் என்று யாரோ சொல்கிறார்கள். கும்பலோடு போய் அவரை அடிக்கிறான். அதற்கப்புறம் நாற்பது வருடம் அவன் எப்படி வாழ்ந்தான் என்பதுதான் படம்.

யாருடைய கடை என்று உங்களுக்குப் புரிந்திருக்கும்.

தயாரிப்பாளர், வசனம் புனே மராத்தியில் இருந்தால்தான் எல்லோருக்கும் புரியும் என்றார். லால்பாக் குழாயடியில் நாம் கேட்டு வளர்ந்த கொங்கண் மராத்திதான் வேண்டும் என்று சண்டை போட்டேன். "எங்க மில்லைப் பத்தி ஒரு மதராஸிக்கு என்ன தெரியும்?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். "அங்கேதான் பிறந்தேன். நீங்க அடிச்சது எங்க அப்பாவை" என்றேன். அதற்குப் பிறகு மொழியைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஜூனில்தான் வெளியீடு. அதற்கு முன்னால் உங்கள் ஆக்லாந்து மராத்திச் சங்கம் புதுவருடக் கொண்டாட்டத்தில் போடுகிறது. ஏப்ரல் 14, மனுகாவில். உங்களிடம் சொல்லாமல் எடுத்தது தப்புதான். திட்டுங்கள். ஆனால் போய்ப் பாருங்கள்.

அன்புடன்,
தமயந்தி

கிளென் ஈடன், ஆக்லாந்து
17 மார்ச் 2024

தமயந்திக்கு,

அண்ணிக்கு வலி பரவாயில்லை. அபர்ணாவுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது.

அப்பாவை அடித்தவனுக்கு ஒரு படமா? அவன் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றால் நம் அப்பாவின் கண்ணைப் பிடுங்கிவிடுவானா? உனக்கு அப்போது பதினொரு வயது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கட்டுப் போட்ட முகத்தைத்தான் பார்த்தாய். எனக்குப் பத்தொன்பது. கல்லூரியிலிருந்து நான் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது, ஆனால் அந்தக் கடையின் தரையைப் பார்த்தவன் நான்.

ஆறு பேர். பெயர்ப் பலகையில் மராத்தி இல்லை என்று ஆரம்பித்தார்கள். சைக்கிள் செயினால் கண்ணாடி அலமாரியை உடைத்தார்கள். கொதிக்கிற சாம்பார் அண்டாவை அப்பாவின் காலில் கவிழ்த்தார்கள். அப்பா கத்தவில்லை. வாயை மூடிக்கொண்டு கல்லாப்பெட்டியைப் பிடித்து நின்றார். அது அவர்களுக்கு இன்னும் வெறியேற்றியது. ஒருவன் இரும்புக் கரண்டியை எடுத்தான். இடது கண். தரையில் சாம்பாரும் ரத்தமும் கண்ணாடியும் ஒன்றாகக் கிடந்தன. அதைச் சுரண்டி எடுக்க எனக்கும் அம்மாவுக்கும் இரண்டு நாள் ஆயிற்று.

அந்தக் கரண்டியைப் பிடித்தவனை அகப்பட்டால் கொன்றுவிட வேண்டும் என்று இப்போதும் தோன்றுகிறது. ரயிலில் உட்கார்ந்திருக்கும்போதுகூடத் தோன்றும்.

இங்கே எல்லர்ஸ்லி ஆபீசில் என் பக்கத்து மேசையில் நிதின் என்று ஒரு மராத்திக்காரன். வீடும் அடுத்த தெருதான், அவன் காரில்தான் தினமும் போய் வருகிறேன். மீனாட்சிக்கு முட்டி அறுவைச் சிகிச்சை ஆனபோது ஒரு வாரம் சோறு கொண்டு வந்தவன். என் மராத்தியைக் கேட்டுவிட்டு "நீ மதராஸியே இல்ல, எங்காளு" என்பான். பன்னிரண்டு வருடப் பழக்கம். அப்பாவின் கதையை அவனிடம் சொன்னதில்லை. அவன்தான் சங்கச் செயலாளர். இரண்டு டிக்கெட் ஏற்கெனவே என் மேசையில் வைத்துவிட்டான்.

வர மாட்டேன்.

கோதண்டராமன்

செம்பூர்
24 மார்ச் 2024

அன்புள்ள அண்ணா,

உங்கள் கோபம் நியாயம். நானும் அப்படித்தான் இருந்தேன், அடித்தவரை நேரில் பார்க்கிற வரைக்கும்.

கதை எழுதுவதற்கு முன்னால், பழைய இடங்களைப் பார்க்க லால்பாகில் அலைந்தோம். மில் இருந்த இடத்தில் நாற்பது மாடிக் கட்டடம் நிற்கிறது. லிப்ட் இயக்குகிறவரிடம், "இங்கே வாசல்ல ஒரு இட்லிக் கடை இருந்துதே, தெரியுமா?" என்று கேட்டேன். அவர் பொத்தானிலிருந்து விரலை எடுக்காமலே, "தெரியும். நாங்கதான் அதை மூடினோம்" என்றார். பெயர் தத்தாராம். கரண்டியைப் பிடித்த கை அந்தக் கைதான் அண்ணா.

நான் யார் என்று சொன்னேன். லிப்ட் மேலே போய்க் கீழே வந்தது, மறுபடி மேலே போனது. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. "அன்னிக்கு ராத்திரி என் வீட்டுல யாரும் என்னோட பேசல. மறுநாளும் எனக்கு வேலை கிடைக்கல" என்றார். அவ்வளவுதான். பிறகு ஐந்து நாள் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னார். நான் அழகுபடுத்தவில்லை. அப்பாவின் கண் போகிற காட்சியைத் திரையில் உங்களால் பார்க்க முடியாமல் போகலாம், வெட்டும்போது நானே இரண்டு தடவை எழுந்து வெளியே போய்விட்டேன். ஆனால் தத்தாராமுக்காகவும் யாராவது படம் எடுக்கத்தான் வேண்டும். கும்பலில் வருகிறவனுக்கும் ஒரு வீடு இருக்கிறது.

ஒன்று கேட்க வேண்டும். அப்பா கத்தவில்லை என்று உங்களுக்கு யார் சொன்னது? அப்பா அந்த நாளைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. தத்தாராம் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

போய்ப் பாருங்கள் அண்ணா. அப்புறம் திட்டுங்கள்.

தமயந்தி

கிளென் ஈடன்
20 ஏப்ரல் 2024

அன்புள்ள தமயந்தி,

போனேன். நிதின் வாசலில் கார் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான், போனேன். மீனாட்சியும் அபர்ணாவும் வந்தார்கள்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் எழுத மாட்டேன்.

இருநூறு பேர் இருந்தார்கள். முதல் அரை மணி நேரம் எல்லோரும் சிரித்தார்கள், அந்தக் குழாயடி மராத்தியைக் கேட்டு நானும் சிரித்தேன். கடைக் காட்சி வந்தது. அலமாரியை உடைக்கும் வரை தாங்கிக்கொண்டேன். இரண்டாவது மேசையில் ஒரு இளைஞன் உட்கார்ந்திருக்கிறான். ஒருவன் அவன் சட்டைக் காலரைப் பிடித்து, "நீ யாரு? இவன் பையனா?" என்கிறான். இளைஞன் நிமிர்ந்து பார்த்து, சுத்தமான மராத்தியில், "இல்ல, நான் சாப்பிட வந்தவன்" என்கிறான். தத்தாராம் அவன் தோளில் தட்டுகிறான். "நம்ம பையன்தான், விடு." அவன் எழுந்து வெளியே போகிறான். அவன் முதுகுக்குப் பின்னால்தான் சாம்பார் கவிழ்கிறது.

அரங்கில் கூட்டம் அந்த இளைஞனைப் பார்த்துக் காறித் துப்பாத குறை. நிதின் என் காதருகே சாய்ந்து, "இந்த நாயைத்தான் முதல்ல உதைக்கணும்" என்றான்.

நான் திரும்பி அவன் முகத்தில் குத்தினேன். ஒரு தடவை இல்லை. மூக்கு உடைந்த சத்தம் கேட்டது, அதற்குப் பிறகும் குத்தினேன். நாற்காலியோடு கீழே விழுந்தான், மேலே ஏறி உட்கார்ந்து குத்தினேன். அவன் திருப்பி அடிக்கவே இல்லை. "ராம், என்ன ஆச்சு? நான் என்ன பண்ணேன்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். நாலு பேர் சேர்ந்து என்னை இழுத்தார்கள். விளக்கைப் போட்டபோது என் சட்டை முழுக்க அவன் ரத்தம். அபர்ணா "டாட், ஸ்டாப், ஸ்டாப்" என்று கத்திக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகக் கத்தினாளோ, எனக்கு அப்போதுதான் கேட்டது.

போலீஸ் வந்தது. அடுத்த மாதம் கோர்ட். ஆபீசில் விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்றுவிட்டார்கள். நிதினுக்குக் கன்ன எலும்பில் விரிசல்.

உனக்கு இதற்குள் தெரிந்திருக்கும். அன்று நான் கல்லூரிக்குப் போகவில்லை. அந்த மேசையில் இருந்தது நான். சாம்பார் கவிழ்ந்தபோது எதிர்ப் பக்கம் வெற்றிலைக் கடை மறைவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் அப்பா கத்தவில்லை என்று தெரியும். கத்தினால் நான் திரும்பி வந்துவிடுவேன் என்று பயந்திருப்பார் என எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் அம்மா, "பெரியவன் எங்கே இருந்தான்?" என்று கேட்டபோது, நான் வாய் திறப்பதற்குள், "அவன் காலேஜ்ல இருந்தான்" என்று அப்பாவே சொன்னார். அந்தப் பொய்க்குள் நாற்பது வருடம் குடியிருந்திருக்கிறேன்.

அந்தப் பையனைப் படத்திலிருந்து எடுத்துவிடு. உன்னிடம் வேறெதுவும் கேட்க மாட்டேன்.

உன் அண்ணன்,
கோதண்டராமன்

செம்பூர்
6 மே 2024

அண்ணாவுக்கு,

பதில் எழுதப் பதினாறு நாள் ஆகிவிட்டது. முதல் வாரம் உங்கள் மேல் இருந்த கோபத்தில் மானிட்டரைத் தள்ளி உடைத்துவிட்டேன். இவர்தான் கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கி எடுத்தார்.

எனக்குத் தெரியாது அண்ணா. சத்தியமாகத் தெரியாது. தத்தாராமுக்கும் தெரியாது. "ஒரு மராத்திப் பையன் சாப்பிட்டுட்டு இருந்தான், அவனை விட்டுட்டோம்" என்றுதான் சொன்னார். வேடிக்கை பார்த்துவிட்டு நகர்ந்து போகிற சாதாரண மனிதன் ஒருவன் கதைக்கு வேண்டும் என்று அவனையும் அவன் சொன்னதையும் நான்தான் படத்தில் அப்படியே வைத்தேன்.

அப்பாவுக்குச் சோறு பிசைந்து ஊட்டியது நான். பள்ளிக்கூடத்தை ஒரு வருடம் விட்டது நான். நீங்கள் ஹாஸ்டலுக்குப் போனீர்கள், அப்புறம் பெங்களூர், அப்புறம் அங்கே. அடித்தவனைக் கொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் சொன்னீர்கள். அண்ணனுக்கு அப்பா மேல் எவ்வளவு பாசம் என்று நான் நினைத்துக்கொண்டேன். இதையெல்லாம் எழுதாமல் விட்டால் நான் பொய் சொன்னவளாகிவிடுவேன்.

மன்னித்துவிட்டேன் என்று எழுத இன்னும் கை வரவில்லை. நிதின் வீட்டுக்குப் போங்கள். கோர்ட்டுக்கு முன்னால் போங்கள், வக்கீலைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அவர் கதவைச் சாத்தினால் வாசலில் நில்லுங்கள். அபர்ணாவிடம் நீங்களே சொல்லுங்கள், ஆங்கிலத்திலாவது சொல்லுங்கள்.

அந்தப் பையனை நான் எடுக்கவில்லை. அவன் இல்லாமல் அந்தக் கடை முழுசாக இல்லை. ஆனால் வெளியீட்டுப் பிரதியில் ஒன்றை மாற்றியிருக்கிறேன். அந்த நடிகன் இந்தக் காட்சியை ஏழு தடவை செய்து காட்டினான். நிமிர்ந்து, கண் சிமிட்டாமல் பதில் சொல்கிற டேக்கை நான் தேர்ந்தெடுத்திருந்தேன். இப்படிப்பட்டவனுக்கு இரக்கம் காட்டக் கூடாது என்று நினைத்தேன். நான்காவது டேக் குப்பையில் கிடந்தது. அதில் அவன் அதே பதிலைத்தான் சொல்கிறான். ஆனால் மேசைக்குக் கீழே இரண்டு கையும் உதறுகிறது, விரலில் ஒட்டிய இட்லித் துணுக்குகள் உதறலில் காலில் விழுகின்றன. குரல் மட்டும் நடுங்கவில்லை.

அதை எடுத்து ஒட்டிவிட்டேன். பதினொரு விநாடி. சனிக்கிழமை முழுக்க அதையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

தமயந்தி